ஒரு ஆளுக்கு ஒரு ரவுண்டு

என் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் ஏறாதவர்கள் காஞ்சிபுரத்தில் குறைவு என்று ஒரு காலத்தில் நான் பெருமை அடித்துக்கொண்டதுண்டு. கோயில் பார்க்க வந்த மொட்டைத் தலைகள், கல்யாணப் புடவை எடுக்க வந்த மாப்பிள்ளைகள், பஸ்ஸைத் தவறவிட்ட வாத்தியார், சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள் என்று யார் யாரையோ ஏற்றியிருக்கிறேன். பெயர் கேட்டதில்லை, ஊர் கேட்டதில்லை. ஒரே ஒரு ஆளை மட்டும் ஏற்றாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். ஒரு தரமாவது அந்த வண்டியில் போய்விட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. எனக்கும் அது தெரியும். அவர் என் அப்பா.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. மாற்றலாகிப் போன ஒரு என்ஜினீயரிடமிருந்து வாங்கிய பழைய வண்டிதான், ஆனால் நான் துடைத்த துடைப்பில் அதற்குத் தான் பழசு என்பதே மறந்து போயிருக்கும். கிக்கரை உதைத்து உதைத்து முதல் வாரமே கணுக்கால் வீங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே ஆபீஸ் போனேன், யாராவது ஏன் என்று கேட்க மாட்டார்களா என்று. ஊரில் அப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களைக் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டிக்காரன் தலை திரும்பும். அப்படித் திரும்பித் திரும்பியே பழகி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் திருப்பருத்திக்குன்றம் போகும் சாலையோரத்து டீக்கடையில் நாலைந்து பேர் கூட ஆரம்பித்தோம்.

எங்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் முசரவாக்கத்துக்காரர். நிலமுள்ள குடும்பம். பட்டாளத்தில் பத்து வருஷம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மிலிட்டரிக்காரர். ஒரு நாள் மாட்டுவண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒருவர் எங்கள் வண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மிலிட்டரிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னாபா பாத்துக்கினே நிக்கிற? ஏறு."

அந்த மனிதர் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் வரை போய்த் திரும்பி வந்து இறங்கியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தன் மாட்டிடம் போய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார், உண்மையாகவே. அன்றைக்கே சட்டம் போட்டாயிற்று. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு ரவுண்டு. டீக்கடையிலிருந்து சமணக் கோயில் வாசல், அங்கிருந்து டீக்கடை. காசு வாங்கக் கூடாது, வாங்கிக் கொடுத்தால் டீ குடிக்கலாம்.

அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வயிறு கூசுவது நமக்கு முதுகில் தெரியும். குடுமியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்த ஒரு குருக்கள், திரும்பும்போது வேகம் போதாது என்று கோபித்துக்கொண்டார். இறங்குகிற ஒவ்வொருவரும் வண்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள், மாட்டைத் தட்டுவது போல. அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் நான் நல்லவனாக இருந்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் நல்லவனாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது யோசித்ததில்லை.

அப்பா கூலி நெசவு. ஊரின் கிழக்குக் கோடியில், சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டின் முன்னறையே தறிதான். பொழுது விடிந்து தறிக்குழிக்குள் காலை இறக்கினால் சோற்றுக்குத்தான் ஏறுவார். எனக்கு நினைவு தெரிந்து பகலில் அவரை இடுப்புக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்ததும், தறிச் சத்தத்தில் டிபார்ட்மெண்ட் பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று சொல்லி, பெரிய காஞ்சிபுரத்தில் ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டேன். அந்தச் சத்தத்தில்தான் நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை முதல் மாணவனாகப் படித்தேன். அப்பா அதைச் சுட்டிக்காட்டவில்லை.

வண்டி வாங்கிய சேதி தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேர் போகலாம் என்பது. ரெண்டு பேர் என்றேன். அடுத்த முறை சைக்கிளில் வீட்டுக்குப் போனபோது, குறுக்கு நூல் கோத்த நாடாவைத் தறியில் இப்படியும் அப்படியும் ஓடவிட்டுக்கொண்டே சொன்னார்.

"வண்டிய ஒரு நாளு நம்ம தெருவுக்கு எடுத்துக்கினு வாயேம்பா. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

"தெருவுல பாவு போட்டிருப்பாங்க. வண்டி எப்பிடி வரும்? புழுதி பட்டா யாரு பேச்சு கேக்குறது?"

பாவு என்றால் புடவையின் நீளவாட்டு நூல். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். எட்டு மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஆனையே நடக்கலாம். முப்பது வருஷமாக அதே தெருவில் பாவு போட்டவரிடம்தான் நான் இந்தக் காரணத்தைச் சொன்னேன். அப்பாவின் கை ஒரு நொடி நின்றது.

"ஆமாம்பா, அது ஒன்னு இருக்குது," என்றார். நாடா மறுபடியும் ஓடியது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. சின்னது என்பதால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. என் அறையில் கூட இருந்தவன் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரன், எங்கள் ஆபீஸிலேயே வேலை. வந்த அன்று கேட்டான், உங்க அப்பா என்ன சார் பண்றாரு என்று. "பட்டு," என்றேன். "பிசினஸா?" என்றான். தலையை ஆட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவன் கட்டிக்கொண்டான். ஒரு மாதத்தில் என் அப்பா பட்டு முதலாளி ஆனார், இன்னும் ஒரு மாதத்தில் மதராஸில் அவருக்குக் கடை வந்தது. ஆபீஸில் பெரிய கிளார்க் என்னை உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். நான் எதையும் மறுக்கவில்லை. நாற்காலி சுகமாக இருந்தது. வண்டி அந்தத் தெருவுக்குள் போனால், பின்னாலேயே அவனும் ஒரு நாள் வருவான் என்று பயம்.

அறைத்தோழன் ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடைக்கும் வருவான். எங்கள் ரவுண்டுச் சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தாலும், அப்பா அங்கே வந்து நின்றுவிட்டால் என்ற பயம் மட்டும் எனக்கு இருந்ததில்லை. எங்கள் தெருவுக்கு ஞாயிறும் கிடையாது திங்களும் கிடையாது. அமாவாசை ஒன்றுதான் தறிக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா எங்கே இருப்பார் என்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

அந்த ஞாயிறு, கோயில் பார்க்க வந்த ஒரு தெலுங்குப் பெரியவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். போகும்போதும் வரும்போதும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு "மெல்லகா, மெல்லகா" என்று அலறிக்கொண்டே வந்தவர், இறங்கியதும் தன் பெண்டாட்டியிடம் நான் ரொம்ப மெதுவாக ஓட்டியதாகச் சொன்னார். கடையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். கூட்டத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

வெளுத்த வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தலைக்குக் குளித்துப் படிய வாரிய முடி. இன்றைக்கு எப்படித் தறியை விட்டு வந்தார் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அமாவாசை. நெசவாளி வீட்டுப் பிள்ளை அமாவாசையை மறந்தான் என்றால் தெருவே கைகொட்டிச் சிரிக்கும். ஆபீஸ் காலண்டரின் சிவப்பு எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து நான் அதை மறந்திருந்தேன்.

அப்பா சிரித்தபடி இரண்டு எட்டு முன்னால் வந்தார். நான் குனிந்து, கைக்குட்டையை எடுத்து பெட்ரோல் டாங்கைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து என் அறைத்தோழன், டீ கிளாஸும் கையுமாக, மிலிட்டரிக்காரரிடம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். "இவருக்கு என்ன சார் கொறச்சல்? அப்பா பட்டு மொதலாளி. மதராஸ்ல கடை. நெனச்சா இது மாதிரி பத்து வண்டி வாங்குவாரு."

அப்பா மூன்று முழம் தள்ளித்தான் நின்றார். ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்தது. நான் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான். அவை நின்றுவிட்டன.

"அடுத்தது யாருபா?" என்றார் மிலிட்டரிக்காரர். "பெரியவரே, நீங்களா? இன்னா நின்னுக்கினே இருக்கீங்க? கேளுங்க. கேட்டவங்களுக்கு இல்லன்னு இங்க சொல்றதில்ல."

அப்பா வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். இதற்கு மேல் குனிந்திருக்க முடியாமல் நிமிர்ந்தேன். அவர் உதடு திறந்தது. என்னைக் 'கண்ணு' என்று கூப்பிடுவதுதான் அவர் வழக்கம், அந்தச் சொல்லுக்கு அவர் உதடு எப்படிக் குவியும் என்று எனக்குத் தெரியும். குவியவில்லை.

"சார்," என்றார். "என்னியும் ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போவீங்களா?"

"ஏறுங்க," என்றேன்.

வீட்டில் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். அப்பாவுக்கு நான் முதல் முதலாக மரியாதை கொடுத்துப் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"செருப்ப ஏன் பெரியவரே கழட்டுறீங்க?" மிலிட்டரிக்காரர் சிரித்தார்.

"தறிக்காரம்பா நானு. காலுல எதுனா இருந்தா ஒக்காரத் தெரியாது."

"அப்படிப் போடுங்க," என்றான் என் அறைத்தோழன். "சார், உங்கப்பாகிட்ட தறி நெய்யற ஆளா இருந்தாலும் இருக்கும். கேட்டுப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் எதை எதையோ மறந்துவிட்டேன், அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

வண்டி கிளம்பியது. புதிதாக ஏறுபவர்கள் எல்லாம் என் தோளையோ இடுப்பையோ பிடித்துக்கொள்வார்கள். அப்பா பிடிக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பியைக் கைகளைப் பின்னுக்கு வளைத்துப் பிடித்திருந்தார். ஆனால் கால்கள் சும்மா இல்லை. இடது, வலது, இடது, வலது என்று இரண்டு பக்கமும் கால் வைக்கிற கட்டைகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே வந்தார். தறியில் மிதிகட்டையை மிதிக்கிற அதே கணக்கு. அவர் மிதித்தால்தான் வண்டி ஓடும் என்பது போல. வேறு யாராவது செய்திருந்தால் கடைக்குத் திரும்பியதும் சொல்லிச் சிரித்திருப்பேன்.

ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. சட்டென்று அவர் கை என் தோளை இறுக்கியது. சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் என்னைப் பிடித்த அதே பிடி. உடனே எடுத்துவிட்டார், சுட்டது போல.

சமணக் கோயில் வாசலில் ஆள் நடமாட்டமே இல்லை. மதிலோரம் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வண்டியைத் திருப்புவதற்காக நிறுத்தினேன். டீக்கடை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அங்கே நான் இறங்கியிருக்கலாம். அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மீதியை அவரே புரிந்துகொண்டு சிரித்திருப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள்தான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டேன்.

"பயமா இருந்துச்சா?"

"இல்ல சார். நல்லா இருக்குது."

ஆட்டைத் தவிர யாரும் இல்லாத இடத்தில் அப்பா என்னை சார் என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கோபம் இல்லை. ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விடாத மனிதர் அவர், இதையும் அப்படித்தான் செய்தார். "கெட்டியா புடிச்சிக்குங்க," என்று சொல்லி வண்டியைத் திருப்பினேன்.

வரும்போது கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. படிய வாரிய முடி கலைந்து பறக்க, எதிர்காற்றில் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு அந்த ஓட்டம் பிடித்திருந்தது. அழுதிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை, கண்ணாடியைத் திருப்பிவிட்டேன்.

கடையில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "சோக்கா ஓட்டுறாரு. பெத்தவங்க குடுத்து வெச்சவங்க." என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "வரேன் சார்." கும்பிட்ட கையில் நூல் அறுத்த தழும்புகள் தெரிந்தன.

நடக்க ஆரம்பித்தார். குழிக்குள்ளேயே மடங்கிக் கிடந்த முழங்கால்கள், சமதரையில் கொஞ்சம் தடுமாறும். மிலிட்டரிக்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

"பாவம்பா, அவர பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உட்டுட்டு வாயேன்."

அறைத்தோழன் என்னைப் பார்த்தான். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு ஆளுக்கு ஒரு ரவுண்டுதான சார் சட்டம்?" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். அப்பா இருபதடி தூரம் கூடப் போயிருக்கவில்லை. திரும்பவில்லை, ஆனால் நடை ஒரு கணம் தயங்கியது. அது போதும் எனக்கு, கேட்டுவிட்டது என்று தெரிய.

வண்டியை அறையில் விட்டுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டாரா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அமாவாசையும் அதுவுமா மத்தியானம் சோத்துக்கு வரத் தெரியல? படையல் போட்டுட்டு உங்கப்பா எவ்ளோ நேரம் பாத்துக்கினு இருந்தாரு தெரியுமா?"

உட்கார வைத்து இலை போட்டாள். அப்பா எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வடையைப் பிட்டபோது ஆரம்பித்தார்.

"இன்னிக்கு நானு மோட்டார் சைக்கிள்ல போனேன், தெரியுமா?"

பிட்ட வடையை இலையிலேயே வைத்தேன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். "புள்ள கூட்டிக்கினு போனானா?"

"இவன் எங்க? இவனுக்கு ஞாயித்துக்கெழமையும் ஆபீசு வேல. யாரோ ஒரு சாரு. கேட்டதும் ஏத்திக்கினாரு. கோயில் வரைக்கும் போயி திரும்பி வந்தோம். காத்து இருக்குதே, அப்பிடியே தூக்கிக்கினு போவுது."

என்னைப் பார்க்காமலேயேதான் சொன்னார். குத்திக் காட்டச் சொல்லவில்லை. நடந்ததை யாரிடமாவது சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை, சொல்லும்போது என்னையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. அதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"யாரு பெத்த புள்ளையோ," என்றாள் அம்மா, எனக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டே. "நல்லா இருக்கணும்."

நான் குனிந்து சாப்பிட்டேன். ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு டீக்கடைக்குப் போகவில்லை. காலை பத்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குப் போனேன். அறைத்தோழனிடம் முந்தின இரவே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் விடியற்காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான், அதனால்தான் எனக்கு இந்தத் தைரியம். தெருவில் ஒரு இழை பாவு இல்லை. வண்டிச் சத்தம் கேட்டு வாசல் வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். தறிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

உள்ளே போனேன். "அப்பா, வா. வண்டி வாசல்ல நிக்குது."

அப்பா புடவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கால்கள் குழிக்குள் மிதித்துக்கொண்டே இருந்தன.

"ஒரு ஆளுக்கு ஒரு ரவுண்டுதானப்பா? எனக்கு ஆயிடுச்சி," என்றார். குரலில் ஒன்றுமில்லை, மழை வருமா என்று கேட்பது போலத்தான் இருந்தது. "உங்கம்மா ஏறல. அவளக் கூட்டிக்கினு போ, கண்ணு."

நான் நின்றேன். அவர் நாடாவை எறிந்தார், பிடித்தார். வாசலுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து, என் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். தெருவைத் தாண்டும் வரை தெரிந்தவர்களையெல்லாம் கூவிக் கூப்பிட்டுக் காட்டினாள். பெரிய சாலைக்கு வந்ததும் பயம் தெளிந்து, என் காதோரம் குனிந்தாள்.

"ஏம்பா, உங்கப்பாவ அன்னிக்கு ஏத்திக்கினு போச்சே ஒரு புள்ள, அதுவும் உன்ன மாதிரி வண்டி வெச்சிருக்கிற புள்ளதான? உனக்குத் தெரியாமையா இருக்கும்? ஒரு நாளு நம்ம வூட்டுக்குக் கூட்டிக்கினு வாப்பா. நம்ம கையால ஒரு வாய் சோறு போடணும்."

"சரிம்மா, கூட்டிக்கினு வரேன்," என்றேன்.